என்ஜினை மாற்றலாமா? கால்க்கிடம் கேளுங்கள்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் மாதம் போட்டோ பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், ரயில் டிக்கெட் புக் செய்கிறோம். இரண்டாவது மாதம் "இதை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?" என்ற கேள்வி வருகிறது. ஸ்ப்ரெட்ஷீட் பழகுங்கள் என்று சொன்னால், "அதெல்லாம் ஆபீஸ்காரர்களுக்கு" என்று பலரும் ஒதுங்கி விடுகிறார்கள். அப்படி ஒதுங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். இத்தனைக்கும் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த மாதப் பாடம் அவருடைய காரைப் பற்றியது. எங்கள் வீட்டில் உண்மையாகவே போட்ட கணக்கு என்பதால் எண்களையும் அப்படியே தருகிறேன். உங்கள் வண்டியின் எண்களைப் போட்டு நீங்களும் கூடவே செய்து பாருங்கள்.

அப்பாவிடம் 2009 பிப்ரவரியில் ரிஜிஸ்டர் ஆன மாருதி ஸ்விப்ட் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, 1298 சிசி என்ஜின். 2025 செப்டம்பரில் ஒரு நாள் இரவு திண்டுக்கல்லில் இருந்து போன் செய்தார்.

"தம்பி, கார் லிட்டருக்கு 11 தான் குடுக்குது. டீசல் என்ஜினா மாத்திடலாம்னு இருக்கேன். நம்ம மெக்கானிக் ஒரு என்ஜின் பார்த்து வச்சிருக்காரு. கியர் பாக்ஸ், வயரிங் எல்லாம் சேர்த்து ஒன்னு நாப்பது சொல்றாரு. சனிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும்."

ஒன்று நாற்பது என்றால் 1,40,000 ரூபாய். அம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்கு என்று போட்டு வைத்த டெபாசிட்டில் இருந்து எடுப்பதாகத் திட்டம். ஆறு மாதத்தில் பெட்ரோல் மிச்சத்திலேயே பணம் திரும்பி விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்துவிட்டு சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன பெரிய கூட்டத்தில் ஒருவன். கல்லூரியில் படித்த என்ஜின் பாடம் பாதி மறந்து விட்டது, பிள்ளை என்ஜினியர் என்ற அப்பாவின் நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. "சனிக்கிழமை நானே வருகிறேன், அதுவரை பணம் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினேன்.

நோட்டுப் புத்தகத்தில் இருந்து செல்லுக்கு

அப்பாவிடம் ஒரு நல்ல பழக்கம். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் தேதி, ஓடோமீட்டர் எண், லிட்டர் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பார். ஓரத்தில் வண்டிக்குச் செய்த வேலைகளும் இருக்கும். 2023 ஜூனில் இருந்து தொடர்ச்சியாக எழுதியிருந்தார். கணக்குக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் சாப்ட்வேரைத் திறந்து கொள்ளுங்கள். எக்செல் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம், பார்முலாக்கள் மாறாது. செல்களின் பெயரையும் பார்முலாவையும் இங்கே தமிழ் உச்சரிப்பில் தருகிறேன். கீபோர்டில் டைப் செய்யும்போது அவற்றுக்கு உரிய ஆங்கில எழுத்துகளையே டைப் செய்ய வேண்டும்.

முதல் வரிசையில் தலைப்புகள்: ஏ1-ல் தேதி, பி1-ல் ஓடோமீட்டர், சி1-ல் லிட்டர், டி1-ல் ஓடிய கி.மீ., ஈ1-ல் மைலேஜ், எப்1-ல் குறிப்பு. இரண்டாவது வரிசையில் இருந்து நோட்டில் உள்ளதை டைப் செய்யுங்கள்.

தேதியை 14/8/2024 என்று டைப் செய்து என்டர் தட்டியதும் அது செல்லின் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றால் உஷார். கால்க் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது என்று பொருள். சாப்ட்வேர் அமெரிக்க முறையில், அதாவது மாதம் முதலில் என்று, செட் ஆகியிருக்கும். பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லையே! டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் கிளிக் செய்து, லாங்குவேஜ் பகுதியில் லோகேல் என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கனவே டைப் செய்த தேதிகள் தாமாக மாறாது, திரும்ப டைப் செய்ய வேண்டும். நான் இதைக் கவனிக்காமல் பத்து வரிசை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

இன்னொரு விஷயம், இது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது அல்ல. புல் டேங்க் போட்ட வரிசைகளை வைத்துத்தான் மைலேஜ் பார்க்க முடியும். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டோம், இருநூறு ரூபாய்க்குப் போட்டோம் என்றால் டேங்கில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு புல் டேங்கில் இருந்து அடுத்த புல் டேங்க் வரை, நடுவில் சில்லறையாகப் போட்ட லிட்டரையும் கடைசியில் புல் செய்ய ஆன லிட்டரையும் கூட்டி ஒரே வரிசையாக எழுதுங்கள். முதல் புல் டேங்கின் லிட்டர் கணக்கில் சேராது. அது அதற்கு முன்னால் ஓடிய தூரத்துக்கான பெட்ரோல். அப்பாவின் நோட்டில் இப்படிச் சேர்த்தபோது, தொடக்க வரிசை போக 38 வரிசைகள் கிடைத்தன. அதாவது மூன்றாவது வரிசையில் இருந்து நாற்பதாவது வரிசை வரை.

இனி பார்முலா. டி3 செல்லில் =பி3-பி2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஈ3 செல்லில் =டி3/சி3. இப்போது டி3, ஈ3 இரண்டையும் மவுஸால் செலக்ட் செய்தால் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும், நாற்பது வரிசைக்கும் பார்முலா தானாக இறங்கி விடும். இந்த இடத்தில்தான் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆவரேஜ் செய்யும் தவறு

எல்லா மைலேஜும் வந்துவிட்டது, சராசரி பார்க்கலாம் என்று ஆவரேஜ் பார்முலாவை ஈ வரிசைக்குப் போட்டேன். 12.9 என்று வந்தது. அப்பா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "இது தப்பு" என்றார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் கணக்குப் பார்த்தவர் இல்லையா!

ஏன் தப்பு? ஒரு தடவை 300 கி.மீ. ஊருக்குள் ஓட்டுகிறீர்கள், லிட்டருக்கு 10 கி.மீ. கிடைக்கிறது. 30 லிட்டர் செலவு. அடுத்த 300 கி.மீ. நெடுஞ்சாலையில், லிட்டருக்கு 15 கி.மீ. கிடைக்கிறது. 20 லிட்டர் செலவு. பத்துக்கும் பதினைந்துக்கும் சராசரி 12.5. ஆனால் மொத்தம் 600 கி.மீ. ஓட ஆனது 50 லிட்டர், அப்படியென்றால் மைலேஜ் 12 தான். குறைந்த மைலேஜில் அதிக லிட்டர் செலவாகிறது. ஆவரேஜ் பார்முலாவுக்கு அது தெரியாது, எல்லா வரிசையையும் ஒரே எடையில் வைத்துப் பார்க்கும்.

ஆகவே மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதே சரி. ஈ42 செல்லில் =(பி40-பி2)/சம்(சி3:சி40) என்று கொடுத்தேன். 18,200 கி.மீ., 1,464 லிட்டர். விடை 12.43.

இப்போது ஒரு கேள்வி வர வேண்டும். அப்பா 11 என்றார், கணக்கு 12.4 என்கிறது. அப்பாவும் பொய் சொல்லவில்லை, கால்க்கும் பொய் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை நான் அப்போது விட்டுவிட்டேன். நேராக என்ஜின் கணக்குக்குப் போய்விட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு, பிறகு சொல்கிறேன்.

இரண்டு என்ஜின்கள், ஒரு ஷீட்

மெக்கானிக்கை நேரில் போய்ப் பார்த்தோம். எங்களுக்குப் பல வருடமாகத் தெரிந்தவர், பொய் சொல்லி விற்பவர் அல்ல. அவர் சொன்னது இரண்டு வழிகள். ஒன்று, ஸ்விப்ட் டீசலில் 2007 முதல் வந்த 1248 சிசி என்ஜின். பியட் கம்பெனியின் மல்டிஜெட், மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர் வைத்திருந்தது. இன்னொன்று, 2010-ல் ஸ்விப்ட்டுக்கு வந்த 1197 சிசி பெட்ரோல் என்ஜின், கே சீரிஸ் என்பார்கள். அது 75,000 ரூபாய். டீசல் 19 கொடுக்கும், கே சீரிஸ் 16 கொடுக்கும் என்பது அவர் அனுபவத்தில் சொன்ன கணக்கு.

பைலின் கீழே உள்ள பிளஸ் அடையாளத்தை கிளிக் செய்து புதிய ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். பி1 செல்லில் மாதம் ஓடும் தூரம் 700. நான்காவது வரிசையில் இப்போதைய என்ஜின், ஐந்தில் கே சீரிஸ், ஆறில் டீசல். பி காலத்தில் மாற்றச் செலவு, சி காலத்தில் மைலேஜ், டி காலத்தில் ஒரு லிட்டர் விலை. பெட்ரோல் 101, டீசல் 93 என்று பைசாவை விட்டுவிட்டுப் போட்டேன்.

ஈ4 செல்லில் =$பி$1/சி4 என்று கொடுங்கள். இது மாதம் ஆகும் லிட்டர். டாலர் அடையாளம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பது வழக்கம். பார்முலாவைக் கீழே இழுக்கும்போது சி4 என்பது சி5, சி6 என்று மாறிக்கொண்டே போகும். பி1 மட்டும் மாறக் கூடாது, எல்லா என்ஜினுக்கும் அதே 700 கி.மீ. தான். அசையாதே என்று ஆணி அடிப்பதுதான் டாலர். எப்4-ல் =ஈ4*டி4, மாதச் செலவு. இரண்டையும் ஆறாவது வரிசை வரை இழுத்து விடுங்கள். ஜி5-ல் =$எப்$4-எப்5, மாத மிச்சம். எச்5-ல் =பி5/ஜி5, போட்ட பணம் திரும்ப எத்தனை மாதம். இவற்றையும் ஒரு வரிசை கீழே இழுங்கள்.

சி4-ல் 11 என்று போட்டதும் வந்த விடை: இப்போதைய செலவு மாதம் 6,427 ரூபாய். கே சீரிஸ் போட்டால் 4,419, மிச்சம் 2,008, பணம் திரும்ப 37 மாதம். டீசல் போட்டால் 3,426, மிச்சம் 3,001, பணம் திரும்ப 47 மாதம். ஆறு மாதக் கதை அங்கேயே முடிந்தது.

47 மாதம் என்பது நீண்ட காலமா என்றால், இந்த வண்டிக்கு நீளம்தான். சொந்த உபயோகக் காருக்கு முதல் ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருடம், அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பாவின் கார் 2029 பிப்ரவரி வரை. 2025 செப்டம்பரில் இருந்து எண்ணினால் 41 மாதம். அடுத்த ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம்தான், ஆனால் இருபது வயது வண்டியை எழுபத்தைந்து வயதில் ஓட்டப் போவதில்லை என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

ஆர்சியில் இன்னொரு தலைவலி இருக்கிறது. என்ஜின் எண், சிசி, எரிபொருள் என்று எல்லாம் அதில் பதிவாகி இருக்கும். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி தயாரித்த அமைப்பில் இருந்து மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் பெட்ரோல் காருக்குள் டீசல் என்ஜினை வைத்துவிட்டால், நாளைக்கு ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? இந்த ரிஸ்க்கை எந்த செல்லில் டைப் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் விட்டால் அது பூஜ்யம் ஆகிவிடும் என்பது மட்டும் தெரிந்தது.

19 என்ற எண் எங்கிருந்து வந்தது?

மெக்கானிக் சொன்ன 19, கம்பெனியில் டீசலாகவே வந்த ஸ்விப்ட்டில் அவர் பார்த்தது. என்ஜினைத் தூக்கி வேறு வண்டியில் வைத்தால் மைலேஜும் கூடவே வந்துவிடுமா? இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1992 முதல் 1995 வரை ஹோண்டா அங்கே சிவிக் விஎக்ஸ் என்று ஒரு சின்னக் கார் விற்றது. 1.5 லிட்டர், 92 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின். அன்றைய அரசாங்க ஸ்டிக்கரில் ஊருக்குள் ஒரு காலனுக்கு 48 மைல், நெடுஞ்சாலையில் 55 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 20, 23 கி.மீ.க்கு மேல். முப்பது வருடத்துக்கு முந்தைய பெட்ரோல் கார் இது! அந்த என்ஜினுக்குக் கிராக்கி ஏற்பட்டு, பழைய விஎக்ஸ் கார்களில் இருந்து கழற்றி மற்ற சிவிக் கார்களில் மாட்ட ஆரம்பித்தார்கள்.

மாட்டியவர்களுக்கெல்லாம் 55 கிடைக்கவில்லை. அந்த என்ஜின், லேசான வேகத்தில் போகும்போது பெட்ரோலைக் குறைத்துக் காற்றை மிக அதிகமாகக் கலந்து எரிக்கும். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. விஎக்ஸில் இது 20-க்கும் மேலே போகும். அப்படி எரிக்க ஒரு விசேஷ ஆக்சிஜன் சென்சாரும், அதைப் படிக்கத் தெரிந்த கன்ட்ரோல் யூனிட்டும் வேண்டும். அவை இல்லாமல் என்ஜினை மட்டும் வைத்தால் அது இன்னொரு 1.5 லிட்டர் என்ஜின், அவ்வளவுதான். போதாததற்கு விஎக்ஸ் காரே எடை குறைந்தது, அலாய் சக்கரங்கள் கூட லேசானவை. கியர் விகிதமும் வேறு, அதே வேகத்தில் என்ஜின் குறைவாகச் சுற்றும். மைலேஜ் இவ்வளவு இடங்களில் பிரிந்து கிடந்தது.

அப்பாவின் விஷயத்தில் மெக்கானிக் கியர் பாக்ஸும் வயரிங்கும் சேர்த்தே விலை சொன்னார், அந்த அளவுக்கு அவர் விவரமானவர். அதனால் 19 என்பதையே வைத்துக்கொண்டேன். ஆனாலும் சி6-ல் 19-க்குப் பதில் 17 போட்டுப் பாருங்கள் என்று அப்பாவிடம் கீபோர்டைக் கொடுத்தேன். 47 மாதம் 54 ஆகிவிட்டது.

இந்த இடத்தில் மைலேஜ் எண் நம்மை ஏமாற்றும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். 11-ல் இருந்து 14-க்குப் போவதும், 16-ல் இருந்து 19-க்குப் போவதும் மூன்று கி.மீ. முன்னேற்றம்தான். மிச்சமாகும் பெட்ரோலும் சமம் என்று நினைக்கிறோம். முதல் ஷீட்டில் ஜி3 செல்லில் =100/ஈ3 என்று கொடுத்துப் பாருங்கள், நூறு கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று வரும். 11 என்றால் 9.09 லிட்டர், 14 என்றால் 7.14. குறைவது 1.95 லிட்டர். 16 என்றால் 6.25, 19 என்றால் 5.26. குறைவது 0.99 லிட்டர், முன்னதில் ஏறக்குறைய பாதி! அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-ல் சயின்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். பிறகு 2013 மாடல் முதல் அமெரிக்கப் புதுக் கார் ஸ்டிக்கர்களில் நூறு மைலுக்கு எத்தனை காலன் என்பதும் அச்சாகிறது. நம் ஊர் விளம்பரங்களில் லிட்டருக்கு எத்தனை என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும், ஆகவே அந்த வகுத்தலை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். மோசமான மைலேஜில் இருந்து ஏறும் முதல் சில கி.மீ.யில்தான் பணம் இருக்கிறது.

கிராப் காட்டிய படி

சனிக்கிழமை மத்தியானம் வரை டீசலா கே சீரிஸா என்பதே பேச்சு. சாப்பிட்டு முடித்த பிறகு, சும்மா அழகுக்காக ஒரு கிராப் போடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் ஷீட்டில் தேதி காலத்தை செலக்ட் செய்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடியே மைலேஜ் காலத்தையும் செலக்ட் செய்யுங்கள். இன்சர்ட் மெனுவில் சார்ட் கிளிக் செய்து, வரும் பாக்ஸில் லைன் என்பதைத் தேர்ந்தெடுத்து பினிஷ் கொடுங்கள்.

என்ஜின் தேய்ந்து மைலேஜ் குறைகிறது என்றால் கோடு மெதுவாகச் சரிந்து வர வேண்டும். இது அப்படி இல்லை. 2024 ஆகஸ்ட் வரை கோடு 14-ஐ ஒட்டி ஏறி இறங்கி ஓடுகிறது. அதன் பிறகு படியில் இருந்து குதித்தது போல 11-க்கு வந்து, அங்கேயே ஒரு வருடம் ஓடுகிறது. 12.43 என்ற சராசரியில் உண்மையில் ஓடிய மாதம் ஒன்று கூட இல்லை. நான் காலையில் விட்டுவிட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

"அப்பா, போன வருஷம் ஆகஸ்ட்ல வண்டிக்கு என்ன வேலை பார்த்தீங்க?"

நோட்டைப் புரட்டினார். ஓரத்தில் எழுதியிருந்தது: ரேடியேட்டர் வேலை, 1,200 ரூபாய். பழனி போகும் வழியில் வண்டி சூடாகி நின்றது, சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் சரி செய்தார்கள், அதன் பிறகு ஒரு நாளும் சூடாகவில்லை என்றார். "நல்ல கைராசிக்காரன்" என்று சர்டிபிகேட் வேறு.

சூடாகாமல் போனதுதான் விஷயம். என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு இருக்கிறது. என்ஜின் சுமார் 80 டிகிரி சூடாகும் வரை அது மூடியே இருக்கும், அப்புறம்தான் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அது அடைத்துக்கொண்டால் என்ஜின் சூடாகும். புதிது மாட்ட வேண்டிய இடத்தில், கழற்றி எறிந்துவிட்டால் உடனே பிரச்னை தீரும், வெயில் நாட்டுக்கு அது எதற்கு என்று பலர் அப்படியே செய்து விடுகிறார்கள். ஆனால் அதன் பிறகு என்ஜின் எப்போதும் வேண்டிய சூட்டுக்கு வராது. காரில் உள்ள கம்ப்யூட்டர் டெம்பரேச்சர் சென்சாரைப் பார்த்து, "இன்னும் காலை நேரம், என்ஜின் சில்லென்று இருக்கிறது" என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். கூடுதலாக வரும் பெட்ரோலின் கரி, ஆக்சிஜன் சென்சாரில் படிந்து அதையும் கெடுக்கும்.

சோதிப்பது எளிது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்கு மேல் பக்கமாகப் போகும் ஹோஸ் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். விசிறியில் இருந்து கையைத் தள்ளி வையுங்கள், சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் அந்தப் பைப் சில நிமிடம் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு திடீரென்று சுடும். எங்கள் வண்டியில் ஞாயிறு காலை பார்த்தோம். ஆரம்பத்தில் இருந்தே பைப் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தார். உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, வெறும் கூடு. "இதை நான் முதல்லயே பார்த்திருக்கணும் சார்" என்று அவரே சொன்னார்.

தெர்மோஸ்டாட், கூலண்ட், ஆக்சிஜன் சென்சார், கூலி எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய் ஆனது.

சி4 செல்லில் ஒரே ஒரு மாற்றம்

இரண்டாவது ஷீட்டுக்குத் திரும்புங்கள். சி4-ல் 11-ஐ அழித்துவிட்டு 14 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கே சீரிஸின் மாத மிச்சம் 2,008-ல் இருந்து 631-க்கு விழுகிறது, பணம் திரும்ப 119 மாதம். டீசலின் மிச்சம் 1,624, பணம் திரும்ப 86 மாதம். புது என்ஜின்களில் எதுவும் மாறவில்லை, விலையும் மாறவில்லை. எதோடு ஒப்பிடுகிறோமோ அது மட்டும்தான் மாறியது. காய்ச்சலாய்க் கிடந்த என்ஜினோடு ஒப்பிட்டதால்தான் அந்த இரண்டும் அவ்வளவு நன்றாகத் தெரிந்தன.

அப்படியானால் யாருக்குத்தான் டீசல் லாபம்? இதற்கு கோல் சீக் என்ற வசதி இருக்கிறது. கால்க்கில் டூல்ஸ் மெனுவில், எக்செல்லில் டேட்டா பகுதியில் வாட் இப் அனாலிசிஸ் என்பதற்குள் இருக்கும். சாதாரணமாக நாம் எண்ணைக் கொடுத்து விடையைக் கேட்கிறோம். இது தலைகீழ், விடையைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும். கால்க்கில் பார்முலா செல் என்ற இடத்தில் எச்6, டார்கெட் வேல்யூ 41, வேரியபிள் செல் பி1 என்று கொடுத்து ஓகே செய்தேன். 41 மாதத்துக்குள் பணம் திரும்ப வேண்டுமானால் மாதம் சுமார் 1,472 கி.மீ. ஓட்ட வேண்டும் என்று வந்தது. ஆர்.டி.ஓ. செலவு, டீசல் என்ஜினின் சர்வீஸ் செலவு இவை சேராமல்! விடையை செல்லில் போடட்டுமா என்று கால்க் கேட்கும், நோ கொடுங்கள். யெஸ் கொடுத்தால் உங்கள் 700 அழிந்து போகும்.

சனிக்கிழமை கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் கொடுக்கப்படவில்லை. டெபாசிட் அப்படியே இருக்கிறது. அடுத்த ஐந்து புல் டேங்க்குகளில் மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்துப் பார்த்தால் 13.6 வருகிறது. 14 வரவில்லை, வண்டிக்கும் வயதாகிறது. சி4-ல் 13.6 போட்டால் டீசலுக்கு 79 மாதம். 5,600 ரூபாய் ஐந்தாவது மாதம் முடிவதற்குள் திரும்பி விட்டது.

அப்பாவுக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. டீசல் வண்டியின் இழுவையே தனி என்பார். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதால் புதிதாகவும் வாங்க முடியாது. இப்போது பெட்ரோல் போட்டு வந்ததும் அவரே கம்ப்யூட்டரைத் திறந்து வரிசை சேர்க்கிறார். நோட்டில் எழுதுவதையும் நிறுத்தவில்லை, கரண்ட் போனால் என்ன செய்வது என்கிறார். போன வாரம் போன் செய்து, "தம்பி, மாசம் 1,472 ஓட்டினா போதும்னு சொன்னியே, உங்க அக்கா வீட்டுக்குக் கோயம்புத்தூர் வாரா வாரம் போனா எவ்வளவு வரும்?" என்று கேட்டார். பி1 செல்லில் போட்டுப் பாருங்கள் என்றேன்.